பாட்டி இருக்கும்போது இல்லம் எதற்கு?

கேள்வி: கென்யாவில் விக்டோரியா ஏரியை ஒட்டிய சியாயா வட்டாரத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். நான் தங்கியிருந்த ஊரில் எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளைகள் நிறைய. பாவம், வயதான பாட்டிகள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். நண்பர்களோடு பணம் சேர்த்து அங்கே ஓர் அநாதை இல்லம் கட்ட ஆசை. இங்கே ஓர் அறக்கட்டளை பதிவு செய்தால் போதுமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: போகிற போக்கில் பாட்டிகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது.

நீங்கள் இல்லம் கட்டி, மூன்று வேளைச் சாப்பாடும் சீருடையும் தருகிறீர்கள் என்று வையுங்கள். பாட்டியே பேரனைக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார். பாசம் இல்லாமல் இல்லை, வீட்டில் அடுப்பு எரியாததால். உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார். (யுனிசெஃப் கணக்கில் இருவரில் ஒருவரை இழந்தாலே அநாதைதான்.) கென்ய அரசும் இதைப் புரிந்துகொண்டு, 2017-ல் புது இல்லங்களைப் பதிவு செய்வதையே நிறுத்தியது. பிள்ளைகளைக் குடும்பங்களிடமே திருப்பிச் சேர்க்கும் பத்தாண்டுத் திட்டம் 2022-ல் வந்தது. ஆக, கட்டட யோசனையை விட்டுவிடுங்கள்.

பணம் பாட்டி வீட்டுக்குப் போகட்டும். அங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2003 முதல் கட்டணம் இல்லை. ஆனால் சீருடை, ஷூ, நோட்டு எல்லாம் கைக்காசுதான். போன் வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசா சேவை 2007-லிருந்தே இருப்பதால் பாட்டியின் போனுக்கே பணம் போய்ச் சேரும், நடுவில் ஆள் வேண்டாம். பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு மட்டும் ஷூ வாங்கித் தராதீர்கள். பக்கத்து வீட்டு ஏழைப் பிள்ளை வெறுங்காலோடு பார்த்துக்கொண்டு நிற்கும். எச்.ஐ.வி. உள்ள தாய்க்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், போய்வர வண்டிச் செலவுதான் இடிக்கும். அதைக் கொடுத்தால் ஒரு பிள்ளை அநாதை ஆகாமலே தப்பும்.

யாருக்கு உதவி என்பதை நீங்கள் கோவையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம். அங்கே 'சீஃப்' எனும் உள்ளூர் அரசு அதிகாரி கூட்டும் 'பராசா' என்ற ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பட்டியல் போடச் சொல்லுங்கள். அநாதைப் பிள்ளைகளை வளர்க்கும் ஏழை வீடுகளுக்கு அரசு உதவித்தொகையும் உண்டு; அதில் விட்டுப்போன வீடுகளிலிருந்து தொடங்குங்கள். முதல் வருடம் பத்து வீடு போதும். பதிவையும் அந்த ஊர்க்காரர்கள் குழுவாகச் சேர்ந்து அங்கேயே செய்யட்டும்.

சரி, அறக்கட்டளை? இங்கே பதிவான அறக்கட்டளை வெளிநாட்டில் செலவிடும் பணத்துக்கு, மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி இல்லாமல் பொதுவாக வரிவிலக்கு கிடையாது. நண்பர்களிடம் ரசீது புத்தகத்தை நீட்டும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். அப்புறம், மேஸ்திரிக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே?