ஏரிக்கரை வாடகை – கடிதம்

அன்புள்ள சார்,

கலிபோர்னியா சான் ஹோசேயில் மென்பொருள் வேலை. இங்கே வீடு வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வடக்கே லேக் கவுண்டி என்ற மாவட்டத்தில், கிளியர்லேக் ஊரில், ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருக்கிறது. எங்கள் பக்கத்து விலையோடு ஒப்பிட்டால் சும்மா கொடுப்பது போல. உங்களுக்கும் அந்தக் கவுண்டியில் ஒரு வாடகை வீடு இருப்பதாக எப்போதோ போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். ஏர்பிஎன்பியில் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதா, மாத வாடகைக்கு விடுவதா? இன்னொன்றும் கேட்க வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். ஏழை ஊரில் வீட்டு ஓனராக இருப்பது உங்களுக்கு உறுத்தவில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. நீங்கள் கேட்ட முறையிலேயே, முதலில் பணம், அப்புறம் மனசாட்சி.

நானும் அந்தக் கிளியர் லேக் ஏரியை நம்பித்தான் வாங்கினேன். நம்பாமல் என்ன? 68 சதுர மைல் தண்ணீர். முழுக்கக் கலிபோர்னியாவுக்குள்ளேயே அடங்கும் இயற்கை நன்னீர் ஏரிகளில் இதுதான் பெரியது. தாஹோ இதைவிடப் பெரிது, ஆனால் அதில் நெவாடாவுக்கும் பங்கு உண்டு. பாஸ் மீன் பிடிக்க எங்கெங்கிருந்தோ படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் கிளியர் லேக் ஆழமில்லாத, சீக்கிரம் சூடாகிற ஏரி. கோடை முற்றினால் சில கரைகளில் பச்சை பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்தது போல நீலப்பச்சைப் பாசி மிதக்கும். நாற்றம் தெருவைத் தாண்டி வரும். 2021இல் ஏரியிலிருந்து நேராகக் குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கும் வீடுகளுக்கு, அதைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கையே கொடுத்தார்கள்.

நான் இரண்டு கோடை சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுப் பார்த்தேன். இரண்டாவது ஆகஸ்டில் ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா ஜன்னலைத் திறந்தார், அப்படியே மூடினார், என்னை போனில் கூப்பிட்டார். மூன்று நாள் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அதோடு சரி.

இனி மாத வாடகை. அங்கே நிறைய வீடுகள் கோடையில் வந்து பத்து நாள் தங்கிவிட்டுப் போகக் கட்டியவை. சுவரைத் தட்டிப் பாருங்கள், உள்ளே குளிரைத் தடுக்க ஒன்றும் இருக்காது. அந்த விடுமுறைக் குடிசைகளில்தான் இப்போது ஆட்கள் வருஷம் முழுக்க இருக்கிறார்கள், ஜனவரியிலும் இருக்கிறார்கள். சூடேற்றியும் வெந்நீரும் ஓடும் நிலையில் வைத்திருப்பது சட்டப்படி ஓனர் பொறுப்பு. ஓட்டைச் சுவருக்குள் அதை ஓடவிடும் பில் பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில்.

என் வீட்டில் இருப்பவர் அறுபது தாண்டியவர், முதுகு போய் வேலையை விட்டவர். ஒப்பந்தத்தில் வாடகை ஒன்றாம் தேதி என்று எழுதியிருந்தேன். முதல் மூன்று மாதமும் இரண்டு வாரத்துக்கு மேல் தாமதம். ஒவ்வொரு முறையும் ஐம்பது டாலர் அபராதம் போட்டேன், அவரும் மறுபேச்சு இல்லாமல் கட்டினார். மளிகைக்கடை கவுண்டரில் எடுத்த மணி ஆர்டர், ஓரம் மடிந்து, என் பெயரில் ஒரு எழுத்து எப்போதும் தப்பாக. நான்காவது மாதம் நேரில் போனபோதுதான் கேட்டேன். அவர் பிறந்த தேதி 17. சோஷியல் செக்யூரிட்டி, அதாவது வயதானவர்களுக்கும் வேலை செய்ய முடியாதவர்களுக்கும் அரசு தரும் மாதப் பணம், பிறந்த தேதியைப் பார்த்து வருகிறது. மாதத்தின் முதல் பத்து தேதிக்குள் பிறந்திருந்தால் இரண்டாவது புதன், 11 முதல் 20 வரை என்றால் மூன்றாவது புதன், அதற்கு மேல் நான்காவது புதன். அவருக்குப் பணம் வருவதே பதினைந்துக்கு மேல்தான். நான் ஒன்றாம் தேதி கேட்டுக்கொண்டிருந்தேன்! வாடகை நாளை மூன்றாவது புதனுக்கு அடுத்து வரும் வெள்ளிக்கு மாற்றினேன், 150 டாலரை அடுத்த வாடகையில் கழித்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதமும் தவறவில்லை. இதைப் பெருந்தன்மைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டை விடும் முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஆக, நீங்கள் வாங்கப்போவது ஏரிக்கரை வருமானம் இல்லை எஸ். ஒருவருக்கு மாதம் ஒரு தடவை வரும் அரசுப் பணத்தில் ஒரு பங்கு. அந்தப் பணம் எவ்வளவோ, அவ்வளவுதான் உங்கள் வாடகையும் போகும்.

செலவு அப்படி நிற்காது. 2015இல் 'வேலி ஃபயர்' (Valley Fire) என்ற காட்டுத்தீயில் மட்டும் 1,955 கட்டடங்கள் அழிந்தன. மறு வருஷம் லோயர் லேக்கில் ஒன்று. 2018இல் மெண்டசீனோ காம்ப்ளெக்ஸ் என்ற காட்டுத்தீ, நாலரை லட்சம் ஏக்கருக்கு மேல். எனக்குக் காப்பீடு கொடுத்த கம்பெனி ஒரு நாள் ஒற்றைத் தாளில், இனி புதுப்பிக்க மாட்டோம் என்று எழுதிவிட்டது. யாரும் ஏற்காத வீடுகளுக்கென்று இருக்கும் ஃபேர் பிளானுக்குப் போனேன். அது முக்கியமாகத் தீக்குத்தான். குழாய் வெடித்தால், யாராவது படியில் வழுக்கி விழுந்தால், அதற்குத் தனி பாலிசி. இரண்டும் சேர்ந்து வருஷத்தில் மூன்று மாத வாடகையைத் தின்கின்றன. வாடகையை ஏற்றலாமே என்பீர்கள். மாநிலத்தின் வாடகை உச்சவரம்பு, முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டால், தனிநபர் வைத்திருக்கும் தனி வீட்டைக் கட்டுப்படுத்தாது. சட்டம் விடுகிறது, அவர் வருமானம் விடவில்லை. காலி செய்யச் சொன்னால் அவர் போக அந்த ஊரில் இடமும் இல்லை. உறுத்துகிறதா என்று கேட்டீர்களே, வருஷா வருஷம் பாலிசி புதுப்பிக்கும் மாதத்தில் உறுத்துகிறது. இரண்டு வருஷம் ஏற்றவில்லை, மூன்றாம் வருஷம் நாற்பது டாலர் ஏற்றினேன். "நானே ஐம்பது என்று நினைத்தேன்" என்றார். அது சமாதானமா குத்தலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அட்வான்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் சென்னைப் பத்து மாதக் கணக்கிலேயே இருப்பார்கள். 2024 ஜூலை முதல் இங்கே பொதுவாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஒன்றிரண்டு வீடு மட்டும் வைத்திருக்கும் உங்களையும் என்னையும் போன்றவர்கள் இரண்டு மாதம் வரை வாங்கலாம். நான் ஒன்றுதான் வாங்கினேன்.

விலை பேசுவதற்கு முன்னால் காப்பீட்டுக்கு ஒரு மதிப்பீடு வாங்குங்கள். வீட்டை ஏப்ரலில் போய்ப் பார்க்காதீர்கள். கொனாக்டி மலை பச்சையாக நிற்கும், கெல்சிவில் பக்கம் பேரித் தோப்பில் பூ இருக்கும், அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், மதியம் மூன்று மணிக்குப் போய், படுக்கையறை ஜன்னலைத் திறந்து கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.