டீட்டன் அணையில் மண்ணை அவ்வளவு இறுக்கியும் ஏன் உடைந்தது? சிவில் மாணவர்களுக்கு அதில் என்ன பாடம்?

மூன்றாம் ஆண்டு சிவில், செமினார் தலைப்பு என்று நினைக்கிறேன். இந்நேரம் அடர்த்தி, ஈரப்பதம் எல்லாம் மனப்பாடம் ஆகியிருக்கும். இறுக்கினார்களா என்பதை விடுங்கள், இறுக்கிய மண் எதை ஒட்டி உட்கார்ந்தது என்று பாருங்கள்.

அமெரிக்காவின் ஐடஹோவில் 93 மீட்டர் உயரத்துக்குக் கட்டிய அணை. முதன்முதலாகத் தண்ணீர் நிரப்பும்போதே, 1976 ஜூன் 5 அன்று போய்விட்டது. காலையில் கசிவு, நண்பகலுக்குள் உடைப்பு. 11 பேர் இறந்தார்கள். கரையின் நடுவே போட்டது காற்றடித்துப் படிந்த நைசான வண்டல். ஓடும் தண்ணீர் பட்டால் சுலபமாக அரித்துக்கொண்டு போகும். அதைத் தாங்கிய வலதுபக்கப் பாறையோ வெடிப்பு வெடிப்பானது. சிமெண்ட் பால் செலுத்தினார்கள், ஆனால் எல்லா வெடிப்பும் அடைபடவில்லை. மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் பிடித்து நிறுத்தும் வடிகட்டி அடுக்கும் இல்லை. மெயின் மதகு வேலை முடியாததால் நீர்மட்டம் ஏறும் வேகத்தையும் கட்டுப்படுத்த முடியவில்லை.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துப் புரிந்ததல்ல. நான் டிப்ளமோதான், காரைக்குடியில் வீடு கட்டிக் கொடுப்பவன். "கண்மாயையும் அணையையும் ஒப்பிடுகிறாயா" என்று கிளம்புகிறவர்களுக்கு: உயரம் வேறு, மண் அரிக்கும் விதம் ஒன்றுதான்.

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் பழைய மடையைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட்டில் புதுசாகக் கட்டினார்கள். அந்த ஐப்பசி மழையிலேயே கண்மாய் நிரம்பிவிட்டது. கரைக்கு வெளிப்பக்கம், மடைச் சுவரை ஒட்டி ஊற்று மாதிரி தண்ணீர் வந்தது. "எல்லாக் கரையும் கசியத்தான் செய்யும்" என்றார் காண்டிராக்டரின் ஆள். அது உண்மைதான். ஆனால் மடை பார்க்கும் பெரியவர் அந்தத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்துக் கரைமேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அடியில் விரல் தடிமனுக்கு வண்டல் படிந்தது. எங்களிடம் காட்டி, "தண்ணி போனா போகட்டும்ப்பா, கரை போகுது பாரு" என்றார்.

ஜேசிபியை வைத்துக் களிமண்ணைத் திணித்து அடைத்துவிடலாம் என்று அந்த ஆள் நின்றார். பெரியவர் விடவில்லை. "வாயை அடைச்சா வேற பக்கம் பிச்சுக்கிட்டு வரும்." கசிகிற இடத்தில் ஆற்று மணலை அள்ளிப் போட்டு, அதன்மேல் பொடி ஜல்லி, அதற்கும் மேலே மணல் மூட்டை என்று அடுக்கச் சொன்னார். கலுங்குப் பலகைகளை எடுத்து, பக்கத்து மடையையும் திறந்து மட்டத்தை இறக்கினோம். ராத்திரிக்குள் தண்ணீர் தெளிந்துதான் வந்தது. கோடையில் தோண்டினால், சுவரை ஒட்டி மண்ணைக் கிட்டித்து இறுக்காமல் சும்மா தள்ளி மூடியிருக்கிறார்கள். உள்ளே கை நுழையும் அளவுக்குப் பொந்து.

டீட்டனிலும் புல்டோசரை வைத்து ஓட்டைக்குள் மண்ணைத் தள்ளித்தான் பார்த்தார்கள். இரண்டு புல்டோசரையும் ஓட்டை விழுங்கிவிட்டது.

பாட்டன் காலத்து ஞானம் என்று வாட்ஸ்அப் கதை சொல்ல வரவில்லை. மண் பொறியியலின் முன்னோடி டெர்சாகியின் வடிகட்டி விதியும் இதேதான்: வடிகட்டி மணலின் டி15 (எடையில் 15 சதவீதத் துகள்கள் இதைவிடப் பொடியாக இருக்கும் அளவு), காக்கவேண்டிய மண்ணின் டி85-ஐப்போல (அதேபோல் 85 சதவீதத்துக்கான அளவு) நாலைந்து மடங்கைத் தாண்டக்கூடாது. தண்ணீர் போகும், மண் நிற்கும்.

இவ்வளவும் தெரிந்த பையனுக்கு சைட்டில் கொடுக்கிற சம்பளம் கொத்தனார் கூலிக்குக் கீழே. என் மச்சினர் மகன் சிவில் முடித்தவன். பெண் பார்க்கப் போனால் "ஐடி இல்லையா" என்று கேட்டுக் காப்பியோடு அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் குடியிருக்கும் வீட்டை யார் கட்டினார்களாம்? சரி, விடுங்கள்.

செமினாருக்கு, டீட்டன் பற்றி விசாரித்த தனிக்குழு 1976 டிசம்பரிலேயே கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். குஜராத்தின் மச்சு 2 அணையையும் சேர்க்கச் சொன்னால் தனியாக வையுங்கள். 1979 ஆகஸ்ட் 11 அன்று மோர்பி ஊரை அழித்த அந்த உடைப்பு வேறு ரகம். மதகுகள் வெளியேற்ற முடிந்ததைவிடப் பல மடங்கு வெள்ளம் வந்து மண்கரைமேல் வழிந்தது. அங்கே வடிகட்டி ஒன்றும் செய்திருக்காது, கலுங்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.