கியூபெக் நகரில் ஒரு நாள்: படி ஏறாமல் பார்க்கலாம்

அம்மாவுக்கு முழங்கால் வலி, கனடாவின் கியூபெக் நகரில் ஒரே நாள்தான், பழைய நகரம் முழுக்கப் படிக்கட்டாமே என்று கேட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம், தாராளமாக அழைத்துப் போங்கள்.

காலையில் மேல்நகரில் டஃப்ரின் டெரசில் தொடங்குங்கள். சமதளமான மரப்பலகை நடைபாதை, உட்கார பெஞ்சுகள் உண்டு. பின்னால் 1893இல் திறந்த ஷாட்டோ ஃப்ரோன்தனாக் ஓட்டல், கீழே செயின்ட் லாரன்ஸ் ஆறு. அவசரப்படுத்தாமல் அம்மாவை அங்கே உட்கார விடுங்கள்.

அப்புறம் அங்கிருந்தே, சரிவில் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் ஃபனிகுலர் வண்டியில் கீழ்நகருக்கு இறங்கலாம். 1879 முதல் இருக்கும் ஏற்பாடு இது. நேரே ‘பெத்தி-ஷாம்ப்ளேன்’ (Petit-Champlain) தெருவில் விடும். பராமரிப்புக்காகச் சில நாள் மூடுவார்கள், முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் டாக்சிதான்.

பக்கத்திலேயே பிளாஸ் ரோயால் சதுக்கம். 1608இல் பிரெஞ்சுப் பயண ஆய்வாளர் ஷாம்ப்ளேன் குடியிருப்பு அமைத்த இடம். தரை கல் பாவியது, பிடிப்புள்ள காலணி அவசியம்.

மதியம், ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள லெவி ஊருக்குப் போகும் படகைத் தவறவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம்தான். பாறையும் கோட்டை மதிலும் ஓட்டலும் ஒன்றாகத் தெரிவது ஆற்றின் நடுவிலிருந்துதான். உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்பதால் உங்கள் அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

மோன்மொரென்சி அருவியை இம்முறை விட்டுவிடுங்கள். அது ஊருக்கு வெளியே, அரை நாளைத் தின்றுவிடும்.