கோவை மாதிரி பெரிய நகரத்தில் ஏழைகளின் வீட்டுக்கு மாநகராட்சி பட்ஜெட்டில் ஏன் ஒன்றுமே இருப்பதில்லை? கவுன்சிலர்கள் என்னதான் செய்கிறார்கள்?

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு ஜில்லா. ஆனால் வீட்டில் தமிழ், வேலை கோயம்புத்தூரில். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

தமிழ்நாட்டில் அந்த வீடுகளைக் கட்டுவது மாநகராட்சி இல்லை. 1970-ல் குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியதே, அதுதான். அது மாநில அரசின் வாரியம், தலைமை சென்னையில். குடிசைப் பகுதி மேம்பாடு உள்ளாட்சிக்குத் தரக்கூடிய 18 விஷயங்களில் ஒன்று என்று 74-வது அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறது, ஆனால் தருவதும் தராததும் மாநிலத்தின் கையில். மாநகராட்சி பட்ஜெட்டைப் புரட்டினால் சம்பளம், ரோடு, குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பை. அதிலும் 2016 முதல் 2022 பிப்ரவரி வரை கவுன்சிலர்களே கிடையாது, அதிகாரிகள் போட்டதுதான் பட்ஜெட்.

சரியாக அந்தக் காலத்தில்தான் ஸ்மார்ட் சிட்டி பணத்தில் குளக்கரைகளை அழகுபடுத்தினார்கள். கரையில் இருந்தவர்களைக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி என்று அனுப்பினார்கள். அவர்கள் அங்கே போனபோது இரண்டும் ஊராட்சிகள், மாநகராட்சி எல்லைக்கு வெளியே. யாரும் அதிகம் பேசாத விஷயம் இது. வீடு மாறியதோடு அவர்கள் எந்த பட்ஜெட்டில் வருகிறார்கள் என்பதும் மாறிவிட்டது.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, அவளும் அப்படி ஒரு குளக்கரையிலிருந்து புறநகர் அடுக்குமாடிக்குப் போனவள்தான். டவுனில் வீட்டு வேலை. மகளிருக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, சரி, ஆனால் ஆறு மணிக்கு வாசல் தெளிக்கப் போகிறவளுக்கு அஞ்சு மணிக்கே பஸ் வேண்டுமே.

எங்கள் கேரளப் பக்கம் வேறு மாதிரி. லைஃப் என்கிற மாநில அரசின் வீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு நான்கு லட்சம், அதில் உள்ளாட்சியின் திட்டப் பணமும் உண்டு. யாருக்கு வீடு என்கிற பட்டியலைக் கிராமசபையில் வாசிப்பார்கள். பேர் இல்லையென்றால் அங்கேயே மெம்பரைப் பிடித்துக் கேட்கலாம், சண்டை நடக்கும், எங்கள் சித்தப்பா போடாத சண்டையா! அங்கேயும் தவணைப் பணம் இழுக்கத்தான் செய்யும், அஸ்திவாரத்தோடு நிற்கும் வீடுகளும் உண்டு. ஆனால் சொந்த இடம் இருக்கிறவர்கள் அங்கேயே கட்டிக்கொள்கிறார்கள், ஓட்டும் அதே வார்டில்தான்.

அக்காவுக்கு 2022 தேர்தலில் பழைய வார்டு பட்டியலிலேயே பேர் இருந்தது. பஸ் ஏறிப் போய் ஓட்டுப் போட்டாள். அவள் போட்டவர்தான் ஜெயித்தார். சில மாதம் கழித்து வீட்டுக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை என்று அவரிடமே போய்ச் சொன்னபோது, “அக்கா, நீங்க இப்ப பஞ்சாயத்துல இருக்கறீங்க, அதுக்கு நான் எப்படிங்க பேசறது?” என்றாராம்.