நோ எலும்பில் என்றால் சப்பாத்து காத்திருக்கட்டும்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. கிழமையில் நாலு நாள் ஃபிகர் ஸ்கேற்றிங் பழகுகிறாள், இப்போது காற்றில் இரண்டு முறை சுழன்று இறங்கும் டபிள் ஜம்ப் தொடங்கியிருக்கிறாள். ஸ்கேற்றிங் சப்பாத்து வாங்கி இரண்டு வருடம். கணுக்காலடியில் ஆழமாக மடிந்துவிட்டது. கோச் மாற்றச் சொன்னார், புதிது 700 டொலருக்கு மேல் என்பதால் தள்ளிப்போட்டேன். மூன்று கிழமையாக வலது கணுக்காலின் வெளிப்பக்கம் நோகிறது என்கிறாள், சில இரவுகளில் நோவோடு எழும்புகிறாள். உள்பக்கத்தில் மெத்தென்ற ஒரு கட்டி, குதிக்காலின் பின்னால் ஒரு புடைப்பு, பெருவிரல் நகமும் கறுத்திருக்கிறது. பயிற்சிக்கு முன் அட்வில் நோக்குளிசை கொடுத்து, கணுக்காலுக்கு உறை போட்டு அனுப்புகிறேன். அம்மம்மா கோடாலித் தைலம் தேய்க்கிறா. பழைய சப்பாத்தால் கால் நிரந்தரமாகக் கோணிவிடும் என்று இணையத்தில் வாசித்தேன். அடுத்த மாதம் போட்டி. இப்போதே மாற்றவா? — ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: காசைப் பார்த்துத் தள்ளிப்போட்டுப் பிள்ளையின் காலைக் கெடுத்துவிட்டேனோ என்பதுதான் உங்கள் பயம். கெடுக்கவில்லை. தளர்ந்த சப்பாத்துப் போட்டதால் கால் கோணிப்போவதில்லை. வளரும் பிள்ளைக்கு 700 டொலர் சப்பாத்தை யோசிக்காமல் வாங்கக்கூடிய வீடுகள் ரொறன்ரோவில் எத்தனை இருக்கின்றன? யோசித்ததில் பிழை இல்லை. அந்தப் பயத்தை இன்றோடு விடுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. மூன்று கிழமையாக ஒரே பக்கம் நோ, அதோடு இரவில் எழும்புகிறாள். கட்டி, நகம், சப்பாத்து எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் அதைப் பார்ப்போம்.

இன்று பின்னேரம் மகளைக் கதிரையில் இருத்தி, காலை உங்கள் மடியில் வையுங்கள். கணுக்காலின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பின் கீழ் நுனியைத் தொடுங்கள். அங்கிருந்து எலும்போடு மேலே ஒரு பெருவிரல் அகலம் போய், ஒரே ஒரு விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். அப்புறம் அந்த எலும்புக்கு முன்னாலும் கீழேயும் இருக்கும் மெத்தென்ற இடத்தை அழுத்துங்கள். மெத்தென்ற இடத்தில் மட்டும் நோகிறது என்றால் பெரும்பாலும் மூட்டைப் பிடித்திருக்கும் நார் இழுபட்டிருக்கும். எலும்பின் மேல், ஒரு விரல் நுனி மூடுகிற அளவு இடத்தில், "அதிலதான் அம்மா" என்று காலை இழுத்துக்கொண்டால் அது வேறு கதை. ஒற்றைக் காலில் துள்ளச் சொல்லிப் பரீட்சிக்க வேண்டாம். அதை வைத்தியர் செய்துகொள்வார்.

12 வயதில் அந்த இடத்தில் எலும்பு வளரும் தட்டு பெரும்பாலும் இன்னும் மூடியிருக்காது. அது குருத்தெலும்பு, பக்கத்திலுள்ள நாரைவிடப் பலம் குறைந்தது. பெரியவர்களுக்கு நார் இழுபடுகிற அதே பிரளலில் பிள்ளைகளுக்கு இந்தத் தட்டு அடிபடலாம். அதோடு, பெரும்பாலான பிள்ளைகள் இடப்பக்கமாகச் சுழன்று வலது காலில் இறங்குகிறார்கள். உடல் எடையின் பல மடங்கு அந்த ஒரு காலில் வந்து விழுகிறது, அதுவும் ஒரு பயிற்சியில் திரும்பத் திரும்ப. எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காவிட்டால் மயிரிழை போல ஒரு வெடிப்பு தொடங்கும். இதைத்தான் அழுத்த முறிவு என்கிறோம்.

அது நோகிற விதத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். முதலில் பயிற்சியின் கடைசியில் மட்டும் நோகும். பிறகு வீட்டுக்கு வந்த பின்னும் விடாது. பிறகு அடுத்த நாள் காலையில் படி இறங்கும்போது. கடைசியில் சும்மா படுத்திருக்கும்போதும். தசை நோ உடம்பு சூடேற ஏறக் குறையும். எலும்பு நோ பயிற்சி நீள நீளக் கூடும். உங்கள் மகள் இரவு நோவுக்கு வந்துவிட்டாள். இரவில் எழுப்புகிற எலும்பு நோவை எந்தப் பிள்ளையிலும் நாங்கள் பார்க்காமல் விடுவதில்லை.

ஆகவே இந்தக் கிழமைக்குள் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். அதுவரை ஐஸில் இறங்க வேண்டாம், ஓட்டம், கயிறடி எதுவும் வேண்டாம். எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் சந்தோசப்பட்டு அடுத்த நாளே அரீனாவுக்குக் கூட்டிப்போய்விடாதீர்கள். முதல் இரண்டு மூன்று கிழமைகளில் இந்த வெடிப்பு எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழமை. எலும்பில் நோ இருக்கும்வரை எக்ஸ்ரே சுத்தம் என்பது முடிவு இல்லை. மறுபடி எக்ஸ்ரேயா, எம்.ஆர்.ஐ.யா என்று வைத்தியரிடம் கேளுங்கள். எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்க வேண்டி வரலாம், அந்தக் காத்திருப்பும் ஓய்வாகத்தான் இருக்க வேண்டும். நேரத்தோடு கண்டால் சில கிழமை ஓய்வில் பெரும்பாலும் முழுமையாக ஆறிவிடும். அதன் மேலேயே ஜம்ப் பண்ணிக்கொண்டிருந்தால் வெடிப்பு முறிவாகி, கிழமைகள் மாதங்களாகும்.

அட்வில் விசயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. நோதான் அந்த எலும்பு உங்கள் பிள்ளையோடு கதைக்கிற ஒரே வழி. பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் குளிசை கொடுத்து அதன் வாயைப் பொத்திவிட்டு, அந்தக் காலிலேயே டபிள் ஜம்ப் இறங்கச் சொல்கிறோம். இன்றோடு நிறுத்துங்கள். குளிசை போட்டால்தான் பயிற்சி செய்ய முடியும் என்ற நிலை வந்தால், பயிற்சி செய்யக்கூடாது என்றுதான் அர்த்தம். சப்பாத்துக்குள் போடும் உறையையும் எடுத்துவிடுங்கள். அது இடத்தை அடைத்து, அழுத்தம் விழுகிற இடத்தை மாற்றுகிறதே தவிர எலும்பைக் காக்காது. கோடாலித் தைலம் பூசுவதால் கேடு இல்லை, எலும்புக்குள் அது எதுவும் செய்யப்போவதும் இல்லை. நோகிற எலும்பில் அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்று மட்டும் அம்மம்மாவிடம் சொல்லுங்கள்.

வைத்தியரிடம் போகும்போது இரண்டு விசயங்களை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மகள் சாப்பாட்டைக் குறைக்கிறாளா? மாதவிடாய் தொடங்கியிருந்தால் சில மாதங்களாக நின்றிருக்கிறதா? 12 வயதில் இன்னும் தொடங்காவிட்டால் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் மெலிவாக இருக்க வேண்டும் என்று சாப்பிடாமல் ஜம்ப் பண்ணுகிற பிள்ளைகளின் எலும்பு கெதியாக வெடிக்கிறது. விட்டமின் டி பற்றியும் கேளுங்கள். நம் தோல் நிறத்துக்குக் கனடாவின் குளிர்கால வெயில் போதாது.

மற்றவை சுருக்கமாக. உள்பக்கக் கட்டி, பெரும்பாலும் சப்பாத்து உரசுவதால் எலும்புக்கு மேல் நீர் கோர்த்த பை. நடுவில் ஓட்டை உள்ள ஜெல் வளையம் வைத்து, கடையில் அந்த இடத்தைச் சற்று வெளியே தள்ளிக் கொடுத்தால் தணியும். ஊசியால் குத்தாதீர்கள். சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்ட வேண்டும். குதிக்கால் புடைப்பு பார்க்க அழகில்லை, அவ்வளவுதான். நகம் விழுந்து புதிதாக முளைக்கும். இணையத்தில் இரவு பதினொரு மணிக்குக் கணுக்கால் நோவைத் தேடினால் புற்றுநோய்வரை போய்த்தான் நிற்கும். தேடுவதை நிறுத்திவிட்டு, நான் சொன்னபடி விரலை வைத்துப் பாருங்கள்.

சரி, சப்பாத்து.

வாங்கி எத்தனை வருடம் என்பதை வைத்து ஸ்கேற்றிங் சப்பாத்தை மாற்றுவதில்லை. புதிதாகப் பழகுபவர்களுக்கான கான்ஸ்கேற் வகுப்புக்குக் கிழமையில் ஒரு நாள் போகிற பிள்ளைக்குக் கால் வளர்ந்து சின்னதாகும்வரை அது தாங்கும். நாலு நாள் டபிள் ஜம்ப் பழகுகிற பிள்ளை ஒரு வருடத்திலேயே முடித்துவிடலாம். பழக்கம், எடை, ஜம்ப், ஈரம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற விசயம் இது. ஆகையால் கையால் பார்க்க வேண்டும்.

லேஸை முழுதாகக் கழற்றி, இரண்டு சப்பாத்தையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பின்னாலிருந்து வடிவாகப் பாருங்கள். இரண்டும் நேராக நிற்க வேண்டும். ஒன்று உள்பக்கம் சாய்ந்தால், அதைப் போட்டிருக்கும் காலும் அப்படித்தான் சாய்கிறது. முன்பக்கம் கால் மடங்கும் இடத்தில் சின்னச் சுருக்கங்கள் இருப்பது நல்லது, சப்பாத்துப் பழகிவிட்டது என்று அர்த்தம். கவலைக்குரியது, கணுக்காலின் இரு பக்கமும் ஓடி உள்ளே குழிந்து நிற்கிற மடிப்பு. குதிக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் மேல்விளிம்பைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். எதிர்த்து நிற்க வேண்டும். துணியாக மடிந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது. வலதையும் இடதையும் ஒப்பிடுங்கள். இறங்கும் காலின் சப்பாத்து பெரும்பாலும் முதலில் போகும், இடது நன்றாயிருக்கிறது என்று ஏமாற வேண்டாம்.

அடுத்து குதிக்கால் பகுதியைப் பெருவிரலால் அமுக்குங்கள், உள்ளே போகக்கூடாது. உள்ளங்கால் அட்டையை எடுத்துப் பாருங்கள். அடியில் ஈரநாற்றமும், ஆணிகளில் துருவும், இறுக்க இறுக்கச் சுற்றுகிற ஆணியும் இருந்தால் அடித்தோல் ஊறிவிட்டது, அடியில் பூட்டியிருக்கும் இரும்பு அலகான பிளேட் ஆடத் தொடங்கும். கொக்கிகள் வளைந்து, கண்ணிகள் தோலிலிருந்து பிய்கின்றனவா என்றும் பாருங்கள். லேஸ் நைந்திருந்தால் உடனே மாற்றுங்கள். சில டொலர் பொருள்தான், ஆனால் 2010 வன்கூவர் ஒலிம்பிக்கில் ஜப்பானின் நொபுனாரி ஓடாவுக்கு ஆட்டத்தின் நடுவில் லேஸ் அறுந்து, நிறுத்திக் கட்ட வேண்டி வந்தது.

இவை எல்லாவற்றையும்விடப் பிள்ளையே முதலில் சொல்லிவிடும், நாம்தான் கேட்பதில்லை. மாதாமாதம் இன்னும் இறுக்கிக் கட்டுகிறாளா? விரல் விறைக்கும்வரை இழுத்துவிட்டும் கால் ஆடுகிறது என்கிறாளா? பிடிமானம் போன சப்பாத்தில் கணுக்கால்தான் அந்த வேலையைச் செய்கிறது. கோச் ஒரு ஜம்ப் இறங்குவதைப் பின்னாலிருந்து ஃபோனில் எடுத்துத் தந்தால், கால் உள்ளே விழுகிறதா என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். இவ்வளவு நாளும் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாற்றச் சொல்லியிருக்கிறார், அதைக் காசு பிடுங்குகிற பேச்சாக எடுக்காதீர்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மகளின் சப்பாத்து முடிந்துவிட்டது. ஆழமான மடிப்பு, புதிதாக டபிள் ஜம்ப், முன்னால் இடித்துக் கறுத்த நகம் மூன்றும் சேர்ந்தால் எனக்குச் சந்தேகம் இல்லை. மாற்றத்தான் வேண்டும், ஆனால் இந்தக் கிழமை இல்லை. புதிய சப்பாத்தை நோவுக்கு மருந்தாக வாங்காதீர்கள். எலும்பில் வெடிப்பு இருந்தால் எந்தச் சப்பாத்தும் அதை ஆற்றாது. புதியது விறைப்பானது, பழக இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். முதலில் ஜம்ப் இல்லாமல், குறைந்த நேரம், அடிப்படை அசைவுகள் மட்டும். நோகிற காலோடும் அடுத்த மாதப் போட்டியோடும் அது ஒத்துவராது. இந்தப் போட்டி போகட்டும். மகள் அழுவாள். 12 வயதில் ஒரு போட்டியை விடுவது அவளுக்குப் பெரிய இழப்பு, அதைச் சின்னதாக்கிக் கதைக்காதீர்கள். ஆனால் முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

வீக்கம் வற்றி, வைத்தியர் சரி என்ற பிறகு கடைக்குப் போங்கள். இரண்டு காலையும் நிற்க வைத்து அளக்கிற கடையாக இருக்க வேண்டும். நேராக நின்றால் விரல் நுனி முன்னால் மெல்லத் தொட்டு, முழங்காலை மடித்தால் பின்வாங்க வேண்டும். குதிக்கால் தூக்கக்கூடாது. இரண்டு வருடம் ஓடட்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினால் கால் உள்ளே வழுக்கும், பிடிமானம் முதல் நாளே இருக்காது. விறைப்பையும் அளவோடு வாங்குங்கள். ட்ரிபிள் ஜம்ப் செய்கிற பெரிய பிள்ளையின் சப்பாத்தை 12 வயதுப் பிள்ளைக்குப் போட்டால் கணுக்கால் மடங்காது, விழுகிற அதிர்ச்சி முழங்காலுக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் போகும். ஜாக்சன், ரைடெல், எடேயா என்று சப்பாத்துச் செய்கிற கொம்பனி ஒவ்வொன்றும் விறைப்புக்குத் தன் சொந்த இலக்கத்தைப் போடுகிறது, ஒன்றை வைத்து மற்றதை எடுக்க முடியாது. பாவித்த சப்பாத்து வாங்கலாமா என்று கேட்பீர்கள். தொடங்குகிற பிள்ளைக்கு வாங்கலாம், மேலே சொன்ன கைச்சோதனையில் தேறினால். டபிள் ஜம்புக்கு வேண்டாம். வாங்கிய பிறகு ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் நாக்கைத் திறந்து, அட்டையை வெளியே எடுத்துக் காயவிடுங்கள். வீட்டு ஹீட்டர் காற்றுக்கு முன்னால் வைக்காதீர்கள், தோல் வெடிக்கும்.

பழைய சப்பாத்தை இன்னும் எறிய வேண்டாம். வைத்தியரிடம் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போங்கள், பிறகு கடைக்கும் அதையே கொண்டுபோங்கள். எந்தப் பக்கம் மடிந்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் கால் எப்படி இறங்குகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிளேட் சரியான இடத்தில் பூட்டியிருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்க மறக்காதீர்கள். அது ஒரு நூல் விலகியிருந்தாலும் புதிய சப்பாத்திலும் கால் உள்ளே விழலாம்.