மண்டபத்துக்கு முன்னால் மொய் நோட்டு

கேள்வி: பாம்பனில் பிறந்து வளர்ந்தவள் நான். திருமணமாகி மதுரையில் இருக்கிறேன். தங்கைக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. தொண்டிப் பக்கம், சவூதியில் வேலை. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். என் திருமணத்தை அம்மாதான் முன்னின்று நடத்தினார். இப்போது அம்மா இல்லை. மாப்பிள்ளை வீட்டார் தையில் வைக்கலாம் என்கிறார்கள், அப்பா வைகாசி என்கிறார். ஆயிரம் பேர் வருவார்கள் என்றும் சொல்கிறார். இதற்குள் ஒரு மண்டபத்துக்காரர், வைகாசியில் இரண்டு முகூர்த்தம்தான் காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் 25,000 ரூபாய் கட்டுங்கள் என்று நெருக்குகிறார். எதில் தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வெள்ளிக்கிழமை அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். மண்டபம் வேறு கிடைக்கும். ஆள் எத்தனை, நாள் எது என்று தெரியாமல் கட்டிய முன்பணம் திரும்பிவருவதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பதிலாக, இந்த ஞாயிற்றுக்கிழமை பாம்பனுக்குப் போய் வீட்டுப் பரணில் இருக்கும் இரண்டு நோட்டுகளை எடுங்கள். ஒன்று, உங்கள் திருமணத்தன்று எழுதிய மொய் நோட்டு. இன்னொன்று, அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் வீட்டு விசேஷங்களுக்குச் செய்ததை எழுதிவைத்த கணக்கு. டைரியிலோ காலண்டர் தாளிலோ இருக்கும். உங்கள் அம்மா நடத்திய திருமணத்தின் பாதித் திட்டம் அந்த நோட்டில்தான் இருக்கிறது. யார் யார் நமக்கு வேண்டியவர்கள், எந்த ஊர், எந்த வகையில் சொந்தம் என்பதெல்லாம் ஊர்வாரியாக எழுதப்பட்டிருக்கும். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். இறந்தவர்கள், ஊர் மாறியவர்கள், புதிதாக வந்த சம்பந்திகள் என எல்லாம் அவர் வாயிலிருந்து வரட்டும். எனக்குத் தெரிந்து, ஒரு வீட்டில் கல்யாண வேலை உண்மையாகத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

பெயர்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் குடும்பங்களுக்கு மூன்று இலை, பஸ் ஏறி வரக்கூடிய பக்கத்து ஊர்களுக்கு இரண்டு, திருப்பூர், சென்னை என்று தொலைவில் இருப்பவர்களுக்கு ஒன்று. நான் எப்போதும் இப்படித்தான் கணக்குப் போடுகிறேன். உங்கள் நோட்டில் 310 பெயர் தேறுவதாக வைத்துக்கொள்வோம். உள்ளூர் 140, பக்கத்து ஊர் 110, தொலைவு 60 என்றால் 420, 220, 60, ஆக 700 இலை. மாப்பிள்ளை வீட்டார் 150 பேர் என்று சொன்னால் 850. அப்பா சொன்ன ஆயிரத்துக்கும் இந்த 850-க்கும் இடையே உள்ள 150 இலையின் விலை, ஒரு மீனவக் குடும்பத்துக்குச் சிறிய தொகை இல்லை. ஒவ்வொரு வேளைக்கும் கணக்கு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். முதல் நாள் இரவு 300, காலைப் பலகாரம் 400, மதியம்தான் 850. மூன்று வேளைக்கும் ஒரே எண்ணைச் சமையல்காரரிடம் சொல்லிவிட்டு, மிஞ்சிய சாம்பாரைப் பார்த்துக் கண்கலங்கிய வீடுகள் பல.

இனி தேதி. பஞ்சாங்கம் முகூர்த்தத்தைச் சொல்லும். நம் கரையில் அதற்குப் பக்கத்தில் கடலின் நாள்காட்டியையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். சித்திரையும் வைகாசியும் ஏறத்தாழ முழுமையாக இதற்குள் அடங்கிவிடுகின்றன. அப்பா வைகாசி என்று சொல்வதன் காரணம் எனக்குப் புரிகிறது. அப்போது எல்லோரும் கரையில் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் விடுமுறை. ஆனால் ஆள் இருக்கும், கையில் காசு இருக்காது. பழுதுபார்க்கப் படகை மேலே ஏற்றியிருப்பார்கள், வலை முடையச் செலவு ஓடிக்கொண்டிருக்கும், நிவாரணத் தொகையில் அரிசி வாங்குவார்கள். அந்த நேரத்தில் வருகிறவர் மொய் வைக்க வட்டிக்கு வாங்கி வருவார். அப்பாவின் நிலையும் அதுவே.

தை நல்ல மாதம்தான். ஆனால் தைக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. இடையில் ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் படகு போகாது, காற்று பலத்தால் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். வருமானமே இல்லாத அந்த மாதங்களில் கல்யாணச் செலவுக்குச் சேர்ப்பது கடினம். தை அமாவாசையை ஒட்டி நாள் வைத்தால் ராமேசுவரத்தில் விருந்தினருக்கு அறை கிடைக்காது, தங்கச்சிமடம் தொடங்கி வண்டிகள் நகராது.

என்னைக் கேட்டால் ஆவணியின் முதல் பாதி. தடைக்காலம் முடிந்து படகு இறங்கியதும் முதல் சில வாரம் மீன்பாடு நன்றாக இருக்கும். ஆனியும் ஆடியும் அப்பா உழைத்துச் சேர்க்கலாம். ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் சமையல்காரர், பந்தல்காரர் எல்லோரும் பொறுமையாகப் பேசக் கிடைப்பார்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முழுதாக ஓய்ந்திருக்காது. ஆகவே திறந்த வெளியில் துணிப் பந்தல் வேண்டாம், கூரையுள்ள இடமாகப் பாருங்கள். மாப்பிள்ளை விடுப்புக் கேட்கவும் போதிய அவகாசம் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: செப்டம்பர் 11 பரமக்குடி இமானுவேல் சேகரன் நினைவு நாளையும், அக்டோபர் 30 பசும்பொன் குருபூஜையையும் ஒட்டி நம் மாவட்டத்தில் வாடகை வாகனங்களுக்குக் கட்டுப்பாடு விதிப்பது வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் வேன் அமர்த்தித்தான் வருவார்கள். அந்த நாள்களுக்கு அருகில் வைத்துவிட்டு, மாப்பிள்ளையோடு வண்டியைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தியை நீங்கள் கேட்க வேண்டாம்.

முகூர்த்தத்தில் இரண்டு மூன்று நாள் தேறினால் கிழமையையும் பாருங்கள். விசைப்படகு போகும் நாள், நாட்டுப்படகு போகும் நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள் அல்லவா? உங்கள் உறவில் எது அதிகமோ அதற்கு ஓய்வு நாளாக இருக்கட்டும். (கத்தோலிக்கக் குடும்பங்கள் தவக்காலத்தையும் திருவருகைக் காலத்தையும் தவிர்த்து, கோவிலில் மூன்று முறை திருமண அறிவிப்பு ஓலை வாசிக்கும் ஞாயிறுகளையும் சேர்த்து எண்ண வேண்டும். இஸ்லாமியக் குடும்பங்கள் ஜமாத்தில் முன்பே சொல்லி வைப்பது நல்லது.)

நாளும் எண்ணிக்கையும் கையில் வந்தபின் இரு வீட்டாரும் உட்கார வேண்டும். எந்த ஊரில் என்பதை அங்கேயே பேசுங்கள். பாம்பனுக்கும் தொண்டிக்கும் நடுவில் ராமநாதபுரம் இருக்கிறது. இரு பக்கத்து உறவுக்கும் அது பொது இடம். தாலி உங்கள் குலதெய்வக் கோவிலில், விருந்து ராமநாதபுரத்தில் என்று பிரித்தால் ஒரே காலையில் முதியவர்களை இரண்டு முறை வண்டியேற்ற நேரும். முடிந்தவரை ஒரே இடமாக முடிவுசெய்யுங்கள். எந்தச் செலவு யாருடையது என்பதை ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதச் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று அப்பா தயங்குவார். மேளத்துக்கு யார் கொடுப்பது என்று மணமேடைக்குப் பின்னால் நின்று பேசுவதைவிட இது எவ்வளவோ மரியாதை. வரதட்சணையாக ஏதேனும் கேட்டால், 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்குவதோடு கொடுப்பதும் குற்றம் என்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அப்பாவால் சொல்ல முடியாது, மூத்த மகளால் முடியும்.

பணத்தில் இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மொய்யை வரவாக வைத்துத் திட்டமிடாதீர்கள். வரும் மொய்யில் ஒரு பகுதி அப்பா முன்பே பிறருக்குச் செய்தது திரும்பி வருவது. மீதி, நாளை நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். மண்டபப் பாக்கியையும் சமையல் பாக்கியையும் மொய்ப்பணத்தில் அடைக்கலாம் என்று நினைத்துவிட்டால், அன்று மழை பெய்தால்கூட நெஞ்சு படபடக்கும். அந்தத் தொகை முதல் நாளே தனியாக இருக்க வேண்டும். இரண்டாவது, அப்பா படகு முதலாளியிடம் பெரிய முன்பணம் வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அடையும்வரை அந்தப் படகை விட்டு அவர் மாற முடியாது. உடம்பு முடியாத நாளிலும் போக வேண்டியிருக்கும். தங்கைக்கு ஒரு பவுன் குறைந்தால் பிறகு செய்துகொள்ளலாம். அப்பாவின் உடம்பை அப்படி ஈடுகட்ட முடியாது.

அரசு உதவி பற்றியும் பலர் கேட்கிறார்கள். தாலிக்குத் தங்கம் தந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022-இல் மாணவிகளின் உயர்கல்வி உதவித் திட்டமாக மாற்றப்பட்டுவிட்டது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அப்பா மீனவர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் திருமண உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டை புதுப்பித்திருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள்.

நகையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். 916 முத்திரையோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளக் குறி ஒவ்வொரு நகையிலும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் கடைக்காரர் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்தக் குறியைத் தட்டினால் நகையின் விவரம் தெரியும். சேதாரம் எத்தனை சதவீதம் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இப்போது மண்டபத்துக்கு வருவோம். எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டால் மேடை முன் உள்ள நாற்காலிகளைச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது பந்தியில் எத்தனை இலை என்று. 150 இலை போடும் சாப்பாட்டுக்கூடத்தில் 850 பேருக்கு ஆறு பந்தி. ஒரு பந்திக்கு 40 நிமிடம் என்றால் நான்கு மணி நேரம். 200 இலை என்றால் ஐந்து பந்தியில் முடிந்துவிடும். இந்தச் சிறு வித்தியாசத்தில்தான் கடைசிப் பந்தியில் உட்காரும் உங்கள் சொந்தக்காரர்கள் பசியோடு முணுமுணுப்பதும் முணுமுணுக்காததும் இருக்கிறது.

ரசீதில் தேதி மட்டும் போதாது, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்பது இருக்க வேண்டும். என் தம்பி திருமணத்துக்கு வாய்ச்சொல்லை நம்பினேன். முதல் நாள் மாலை நான்கு மணிக்குக் காய்கறியோடு போய் நின்றால் உள்ளே வேறொரு வீட்டு வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. இரவு ஒன்பதரைக்குச் சாவி கிடைத்தது. சமையல்காரர் தெருவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். பெண் வீட்டார் வந்தபோது விளக்குக்கூடப் போட்டிருக்கவில்லை. அன்று என் அம்மாவின் முகம் இருந்த நிலை இன்னும் என் மனத்தில் நிற்கிறது.

எல்லாவற்றையும்விடத் தண்ணீர். வேறு மாவட்டத்து ஆலோசனைகளில் இது இருக்காது. நம் கரையில் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உவர். அதில் பருப்பு வேகாது, காப்பி கரிக்கும், எவ்வளவு கைதேர்ந்த சமையல்காரரும் தோற்றுப்போவார். சமையலுக்குக் காவிரித் தண்ணீரா, லாரியில் வாங்குவதா, லாரி என்றால் யார் செலவு, தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கைகழுவவும் கழிப்பறைக்கும் உவர்நீர் போதும். குடிக்கவும் உலைக்கும் தனியாக வேண்டும். ஜெனரேட்டர் வாடகையில் சேர்த்தியா, டீசல் தனியா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

மற்றவை சிறியவை. தாம்பூலத்துக்கு நெகிழிப் பைக்குப் பதிலாக நம் ஊர்ப் பனையோலைப் பெட்டி சொல்லிவைத்தால் முடைகிற பெண்களுக்கு வேலை கிடைக்கும். இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டும். ட்ரோன் வைத்துப் படமெடுப்பேன் என்று புகைப்படக்காரர் சொன்னால் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது. பத்திரிகை அச்சடிக்கும் முன் இருவரின் பெயரும் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் உள்ளபடி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2009 முதல் எல்லா மதத்தவரும் திருமணத்தைப் பதிவுசெய்வது கட்டாயம். 90 நாளுக்குள், திருமணம் நடந்த இடத்துக்கோ மணமக்கள் வசிக்கும் இடத்துக்கோ உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்ய வேண்டும்; தவறினால் தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாள். மாப்பிள்ளை சவூதி திரும்பிவிட்டால் கையெழுத்துக்கு ஆளில்லை. ஆகவே மறுவீடு முடிந்த வாரமே போய்விடுங்கள். தங்கையின் விசாவுக்கும் அந்தச் சான்றிதழ்தான் வேண்டும்.

அம்மா இடத்தில் யார் நிற்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கடிதம் முழுவதும் அது இருக்கிறது. மொய் நோட்டைப் படிக்கும்போது அப்பாவோடு அத்தையையோ சித்தியையோ ஒருவரைச் சேர்த்து உட்காரவையுங்கள். எந்த வீட்டுக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைக்க வேண்டும், எந்த வீட்டுக்குப் பத்திரிகை போதும் என்பது அவருக்குத்தான் தெரியும். அழைக்கப் போகும்போது அவரே உங்களோடு வரட்டும்.

வெள்ளிக்கிழமை அந்த மண்டபத்துக்குப் போவதாக இருந்தால் பணம் எடுத்துப்போக வேண்டாம். ஒரு டம்ளர் கொண்டுபோங்கள். சமையற்கட்டுக் குழாயைத் திறந்து, பிடித்து, குடித்துப் பாருங்கள்.