துணிப் படகுக்குப் புதுத் தோல்: கேள்வி பதில்

மரச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி, பெயின்ட் அடித்து, நீர் புகாமல் வீட்டிலேயே கட்டிய சிறு படகுகளைப் பற்றிப் பினாங்குத் தீவிலிருந்தும் அக்கரையிலிருந்தும் பலர் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன். தோல் என்று நான் சொல்வது சட்டத்தின் மேல் போர்த்திய அந்தத் துணியைத்தான். கேட்டவர்களில் பாதிப் பேர் எந்தத் துணி வாங்கலாம் என்றுதான் தொடங்கினார்கள். துணிக் கடைக்குப் போகும் முன் மரத்தைப் பாருங்கள்.

அண்ணே, அப்பா இளவயதில் கட்டிய படகு பின்கட்டில் கிடக்கிறது. துணி கை பட்டாலே கிழிகிறது. எங்கே தொடங்குவது? (பட்டர்வொர்த்)

உடனே உரித்துவிடாதீர்கள் தம்பி. இறுகக் கட்டிய துணியும் சேர்ந்துதான் சட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் பழைய சட்டம் முறுக்கிக்கொள்ளலாம். மூக்கு முனையிலிருந்து வால் முனைவரை நடுவில் ஒரு நூல் கட்டுங்கள். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் இரண்டு பக்கத்து அகலத்தையும் அளந்து எழுதுங்கள், படமும் எடுங்கள். பிறகு நேரான ஒரு நீளக் கட்டையின் மேல் படகை வைத்துக் கட்டிவிட்டுத் துணியை எடுங்கள். முடிந்தவரை ஒரே துண்டாக எடுத்தால் புதுத் துணி வெட்ட அதுவே அளவு மாதிரி. இன்னொன்று: பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இனி மரம். கூர்மையான திருப்புளியால் ஒவ்வோர் இணைப்பையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், உளுத்த மரத்தில் முனை தானாக இறங்கும். அடிக்கட்டையும் குறுக்குச் சட்டமும் சேரும் இடம், காற்றே போகாத இரண்டு முனைகள், இந்த இடங்களில்தான் தண்ணீர் தேங்கி மரம் முதலில் கெடும். மண் கோடு தெரிந்தால் கறையான். குண்டூசித் துளையும் அதன் கீழே மாவுபோல் தூளும் இருந்தால் வண்டு. இரும்புத் திருகாணியைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் துரு மரத்தையும் அரித்திருக்கிறது என்று பொருள். அந்த ஆணியைக் கழற்றி, கெட்ட மரத்தைச் செதுக்கிவிட்டு, சிலிக்கான் வெண்கலம் அல்லது பித்தளைத் திருகாணி போடுங்கள். கடலில் ஓடிய படகு என்றால் சட்டம் முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவிட வேண்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த மரத்தில் எண்ணெயும் வார்னிஷும் சரியாகப் பிடிக்காது.

என் படகின் சட்டத்தில் பிபிகே என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. என்ன அது? (ஆயர் ஈத்தாம்)

பெர்சி பிளான்ட்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் வீட்டில் கட்டுவோருக்காக வரைந்த கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) வரிசையின் பெயர் அது. குறுக்கே பிளைவுட் சட்டம், நீளவாட்டில் மெல்லிய சட்டங்கள், மேலே கித்தான் துணி. சாதாரணக் கருவிகளோடு கட்டக்கூடிய, நல்ல புத்தியுள்ள வடிவம். அளவுகளை மாற்றாமல் அப்படியே வையுங்கள்.

நீளச் சட்டம் இரண்டு உடைந்துவிட்டது. செங்கால் மரம்தானே படகுக்கு நல்லது? (நிபோங் திபால்)

திரெங்கானுவில் பெரிய படகுகளைச் செங்காலில் கட்டினார்கள், அதற்கு ஈடான மரம் அரிது. ஆனால் இது ஒருவர் தோளில் தூக்கிப் போகும் படகு. செங்கால் கனம், இங்கே அந்த பலம் தேவையில்லை. முடிச்சில்லாத, நேரான இழையுள்ள லேசான சிவப்பு மெராந்தி போதும். ரப்பர் மரம் வேண்டாம், ஈரத்தில் சீக்கிரம் கெடும்.

சட்டம் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. உடைந்த இடத்தை வெட்டிவிட்டுச் சரிவாகச் சீவி ஒட்டுங்கள். சரிவின் நீளம் தடிமனைப்போல் எட்டு மடங்கு இருக்கட்டும்: 20 மில்லிமீட்டர் சட்டத்துக்கு 160 மில்லிமீட்டர். எப்பாக்ஸி போட்டு மிதமாக இறுக்குங்கள். ரொம்ப இறுக்கினால் பசை எல்லாம் வெளியே வந்துவிடும்.

உட்காரும் இடத்து வளையம் நொறுங்கிவிட்டது. ரோத்தான் (பிரம்பு) போடலாமா? (ஜெலுத்தோங்)

தாராளமாக. நாற்காலிக்குப் பயன்படும் தடித்த மனாவ் பிரம்பை ஆவியில் வேகவைத்தால் அழகாக வளையும். அச்சில் கட்டி நன்றாகக் காய்ந்த பிறகு எடுங்கள். வண்டு ஏறாமல் எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடியுங்கள், வெட்டிய முனைகளில் இரண்டு தடவை.

சரி, துணிக்கு வருவோம் அண்ணே. பழைய மாதிரி பருத்திக் கித்தானா, நைலானா, பாலியெஸ்டரா? (தஞ்சோங் பூங்கா)

நம் ஊர் ஈரத்துக்கு என் பதில் பாலியெஸ்டர். பருத்திக் கித்தானைத் தைப்பதும் இழுப்பதும் சுகம், பெயின்டும் நன்றாகக் குடிக்கும். ஆனால் பூஞ்சை பிடித்து மக்கும், அதுவும் மூடிய அறையில் வைத்தால் சீக்கிரமே. நைலான் உராய்வைத் தாங்குவதில் முதலிடம், வளைவுகளிலும் நன்றாகப் படியும். குறை என்னவென்றால் ஈரம் பட்டால் நீண்டு தொய்யும். பாலியெஸ்டர் அப்படித் தொய்யாது, சூடு காட்டினால் சுருங்கி இறுகும். சதுர மீட்டருக்கு 270 கிராம் அளவுள்ள, பூச்சு எதுவும் இல்லாத நெசவுத் துணி கேளுங்கள்.

கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். நைலானும் பாலியெஸ்டரும் உருகி மணியாக உறையும். பாலியெஸ்டரில் கரும்புகை வரும்.

துணியைச் சட்டத்தில் பசை போட்டு ஒட்டாதீர்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். தையலாலோ விளிம்பில் சிறு பித்தளை ஆணியாலோ பிடித்தால் போதும். அடுத்த முறை உங்கள் பிள்ளைகள் தோலை மாற்றும்போது சட்டத்துக்குக் காயம் படாமல் எடுக்க முடியும்.

இஸ்திரிப் பெட்டி வைத்துச் சுருக்கலாம் என்கிறார்கள். துணி உருகிவிடாதா? (பாயான் லெப்பாஸ்)

முதலில் ஒரு துண்டுத் துணியில் சோதித்துப் பாருங்கள். பெட்டியில் ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி இரண்டு புள்ளியோடு நிறுத்துங்கள். ஒரே இடத்தில் நிற்காமல், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தேயுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மெல்லிய சட்டம் கோணும். கையால் இழுத்துக் கட்டும்போதே சுருக்கம் இல்லாமல் இருக்க வேண்டும், சூடு கடைசி இறுக்கத்துக்கு மட்டும்.

புதுத் தோல் போட்டேன். குறுக்குச் சட்டம் வரும் இடமெல்லாம் வரிவரியாகத் தெரிகிறது, பெயின்டும் அங்கேயே தேய்கிறது. (சுங்கை ஆரா)

துணி நீளச் சட்டங்களை மட்டுமே தொட வேண்டும். குறுக்குச் சட்டத்தின் விளிம்பை இரண்டு நீளச் சட்டங்களுக்கு நடுவில் உள்ளே குழிவாகச் செதுக்கியிருக்க வேண்டும். தண்ணீரின் அழுத்தத்தில் துணி உள்ளே அமுங்கினாலும் மரத்தில் படாது. இப்போது தோலைக் கழற்றாமல் அதைச் செய்ய வழியில்லை. கழற்றும்போது நீளச் சட்டங்களின் கூர் விளிம்பையும் உருட்டிவிடுங்கள்.

லாரிக் கித்தான் போட்டால் பெயின்டே வேண்டாமே? (பிறை)

தட்டையான பக்கங்கள் கொண்ட எளிய படகானால் போடலாம். ஒகேனக்கல் பரிசலுக்கு விலங்குத் தோல் போய் இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்துவிட்டன, படகும் ஓடுகிறது. ஆனால் பரிசல் ஆழமில்லாத கூடை, அதில் சுருக்கம் விழுந்தால் பரவாயில்லை. கயாக்கின் மூக்கில் லாரிக் கித்தான்போல் பிவிசி பூசிய துணி படியாது. கனமும் கூடும்.

பெயின்டுக்குப் பதிலாகத் துணிமேல் அடித்த பாலியூரித்தேன் பூச்சில் சின்னச் சின்னக் கொப்புளம் வருகிறது. தெரிந்த அக்கா ஒருவர் சொன்னபடிதான் கலந்தேன். (தெலுக் பாஹாங்)

கலவையில் குறை இருக்காது. இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேனில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு வெளிவரும், அதுதான் கொப்புளம். மழை பெய்த மறுநாள் காலையில் அடித்திருப்பீர்கள். துணியும் மரமும் உள்வரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வெயில் நன்றாக ஏறி ஈரம் குறைந்த பிற்பகலில், நிழலில் அடியுங்கள். அப்புறம், அந்த ஆவி நுரையீரலைக் கெடுக்கும். துணி முகமூடி போதாது, ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிப்பான் வைத்த முகக்கவசம் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தப் பூச்சைத் தொடவே வேண்டாம். எண்ணெய் பெயின்ட் மூன்று நான்கு பூச்சு அடித்தாலே படகு ஓடும்.

கடலில் இறக்கும் முன் கவனிக்க வேண்டியது? (பத்து ஃபெரிங்கி)

இந்தப் படகில் அறை தடுப்பு கிடையாது. கவிழ்ந்தால் முழுக்கத் தண்ணீர் நிரம்பும். மூக்கிலும் வாலிலும் காற்றுப் பைகளைத் திணித்துக் கயிற்றால் கட்டாமல் இறக்காதீர்கள். மிதவைச் சட்டை உங்களுக்கும் உடன் வருபவருக்கும் வேண்டும். முதல் ஓட்டம் இடுப்பளவு தண்ணீரில், கரையை ஒட்டியே போகட்டும்.

தென்மேற்குப் பருவக் காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து வரும் திடீர்க் காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் வரும். மேற்கே கருமேக வரிசை தெரிந்தால் அன்று படகை இறக்காதீர்கள். பாறை ஓரத்துச் சிப்பிகள் தோலைக் கத்திபோல் கிழிக்கும், மணலில் மட்டும் ஏறுங்கள். கிழிந்துவிட்டால் துடைத்துக் காயவைத்து அகலமான ஒட்டுநாடா போட்டுக் கரை சேருங்கள். வீட்டில் அதே துணியில் ஒரு துண்டை மூலைகளை உருட்டி வெட்டி, பூச்சு போட்டு ஒட்டினால் போதும். உடனே முழுத் தோலையும் மாற்ற வேண்டியதில்லை.